ஷாலுவின் நூற்றெண்பத்தேழாவது பதிவு

ஜூன் 12, வியாழன்

பள்ளி திறந்து பத்து நாள். ஏழாம் வகுப்பில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். கேரள எல்லையில் தமிழ்வழி இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். மழை. பாறசாலையில் பஸ் இறங்கி வீடு வரை நடந்ததில் முழங்கால் வரை சேறு.

நாகர்கோவில் பதிப்பகத்திலிருந்து பிழை திருத்த மெய்ப்பு வந்திருக்கிறது. போன தடவை கல்வெட்டுகள் பற்றிய நூல். இந்தத் தடவை ஷாலு ஃபேஸ்புக்கில் எழுதிய நகைச்சுவைப் பதிவுகள். நூற்றெண்பத்தாறு. புத்தகத்தின் பெயர் ‘அதிதித் தொழிலாளி’. வேலைக்கு எல்லை தாண்டி வருகிறவர்களைக் கேரளத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள்.

அமரவிளை ஓமனக்குட்டியின் மகள் ஷாலு. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். வகுப்பில் என்னைப் போலப் பேசிக் காட்டியதற்காக ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்தினேன். இப்போது நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே போட்டோஸ்டாட் கடையில் வேலை. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மேடையில் மிமிக்ரி. ஒன்றரை லட்சம் பேர் அவளைப் பின்தொடர்கிறார்களாம்.

நான் எம்.ஏ., எம்.ஃபில். என் ஆய்வேட்டை என்னையும் வழிகாட்டியையும் தவிர ஒருவரும் பின்தொடரவில்லை. வழிகாட்டியும் இறந்துவிட்டார்.

ஜூன் 14, சனி

இருபது பக்கம் பார்த்தேன். கை கழுவ வேண்டும் போல இருந்தது.

தலைப்புப் பதிவு இது: “எங்க வீட்டு அடுக்களை கேரளா, கக்கூஸ் தமிழ்நாடு. போன வாரம் வயிறு இளகி. ஒரே நாளுல பதினொரு தடவ அதிதித் தொழிலாளி.” இதற்கு நாலாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். நாலாயிரம் மனிதர்கள், கையில் போனை வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் பேதிக்கு.

இன்னொன்று. கோட்டுகாலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்களாம். “பாட்டு அறியுமா”ன்னு மாப்பிள்ளை கேட்க, “மிமிக்ரி அறியும்”னு இவள் சொல்ல, “எங்க அம்மையெப் போல பேசிக் காட்டு”ன்னு அவன் சொல்லியிருக்கிறான். அம்மை பக்கத்திலேயே இருந்தாள். இவள் பேசிக் காட்டினாள். கல்யாணம் முடங்கியது. “ஆனா அம்மை இப்பவும் எனக்கு போன் விளிக்கா. அவன் வேற கெட்டின பெண்ணெப் பத்திக் குற்றம் பறயதுக்கு.”

பதிப்பகத்து எபினிடம் போனில் கேட்டேன், ஒவ்வொரு பதிவின் கீழும் இந்த எமோஜி மஞ்சள் மூஞ்சிகள் வேண்டுமா என்று. “இருக்கட்டும் சார், அதுதான் ஒரிஜினல்” என்றான். அச்சில் ஏறுகிறது. பல்லைக் காட்டி அழுகிற மஞ்சள் மூஞ்சி.

என் மனைவி பின்சி அடுக்களையில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் நிறுத்திவிட்டாள். யாருடையது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டுமா?

ஜூன் 15, ஞாயிறு

தொண்ணூற்று நாலாவது பதிவு. எனக்குத் தெரியும் இது இருக்கும் என்று.

“எங்க பக்கத்துல ஒரு மரிப்பு சாரு உண்டு. ஆரு செத்தாலும் லைஃப் ஸ்கெட்ச் அவருதான் எழுதுவாரு. குடிகாரன்னா ‘விருந்தோம்பல் மிக்கவர்’. சண்டைக்காரன்னா ‘உள்ளதை உள்ளபடி உரைப்பவர்’. வேலைக்கே போவாதவன்னா ‘குடும்பத்தோடு நேரம் செலவிட்டவர்’. நேசையன் மாமனுக்கெ அடக்கத்துல சாரு வாசிச்சாரு: ‘பதினாறு ஆண்டுகள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளராகச் சீரிய பணியாற்றினார்.’ சபையில ஒருத்தரும் அசையல்லெ. மாமி மட்டும் எனக்க காதுல பைய சொன்னா: ‘வெள்ளிக்கிழமெ வெள்ளிக்கிழமெ மனுசன் எங்கெ போனாருன்னு இப்பளாக்கும் மனசிலாச்சு.’”

நடந்ததுதான். மூன்று வருடம் முன்பு. கம்ப்யூட்டரில் பழைய குறிப்பின் மேலேயே பெயரை மாற்றி அடித்தேன்; ஒரு வரி தங்கிவிட்டது. ஒரே வரி. இருபத்தெட்டு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் சபையில் பிரேதத்தை எடுக்கும் முன் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டும், அது நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்றால் ஆள் நான்தான். அந்த நூற்றுச் சொச்சம் பேர் யார் நினைவிலும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. பஸ்ஸில் பழைய மாணவன் ஒருத்தன் என்னைக் கண்டதும் கூட இருந்தவனிடம் “வெள்ளிக்கிழமெ” என்றான். இரண்டு பேரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதைத்தான் இப்போது நானே உட்கார்ந்து காற்புள்ளி போட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

மெய்ப்பைத் தொடவில்லை. கிடக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து அமரவிளைக்கு, அக்கா வீட்டுக்கு. பின்சி கொடுத்தனுப்பிய மீன் குழம்பை அக்கா தொடவில்லை, மோந்து பார்த்தாள், போதும் என்றாள். ஈரலில் தொடங்கியது இப்போது எங்கெல்லாமோ. பெரிய ஆஸ்பத்திரியில் மே மாதமே இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றுவிட்டார்கள். பகலில் ஷாலுவின் அம்மா ஓமனக்குட்டி கூட இருக்கிறாள். சாயங்காலம் கடை விட்டு ஷாலு வருகிறாள்.

சுகிர்தபாய் சிஸ்டர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சவுதியில் இருபத்தொரு வருடம் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நாங்கள் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் எதையும் பேசியதில்லை. மழை, மருந்து, பள்ளி, மீன். முப்பது வருடத்தை இப்படி ஓட்டிவிடலாம்.

இன்று போனைக் காட்டினாள். “எலே, ஷாலு போட்டது பாத்தியா?”

“அதெல்லாம் நான் பாக்கதில்ல.”

“பாக்காதெயா புஸ்தகம் திருத்துற?”

சிரித்தாள். சிரிப்பு வலித்தது போல, வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பிறகும் சிரித்தாள். சாகக் கிடக்கிறவளைச் சிரிக்க வைக்கிறதுதான் ஷாலுவுக்கு மரியாதை போலிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அக்கா ஒரு தடவை சிரித்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அக்கா தலையணையைச் சாய்த்து வைக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்: “எனக்கு நீ எழுதாண்டாம்.”

“எதெ?”

“எதெயா? சினிமாக் கதெயா கேக்கேன்? லைஃப் ஸ்கெட்ச்.”

அதெல்லாம் இப்ப எதுக்கு என்றேன். வழக்கமாகச் சொல்கிறதுதான்.

“இப்ப சொல்லாதெ பெட்டிக்குள்ள இருந்தா சொல்லுவேன்? கல்யாணம் களியாத்த பொம்பிளைக்குன்னு நீ ஒரு வரி வச்சிருக்க. ‘குடும்பத்துக்காகத் தன்னையே அர்ப்பணித்தவர்.’ தங்கம் சிஸ்டருக்கு வாசிச்ச. மேரி டீச்சருக்கு வாசிச்ச. நான் பின்னால பெஞ்சுல இருந்து கேட்டேன். அடுத்தது எனக்காக்கும்னு நெனச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நான் அர்ப்பணிக்கல்ல. கேட்டியா மக்கா? அர்ப்பணிக்கல்ல.”

ஓமனக்குட்டி அறையை விட்டு வெளியே போனாள். அவளுக்குக்கூட முன்பே தெரிந்திருக்கிறது.

“ஷாலு எழுதும். நான் சொல்லிக் குடுக்கேன்.”

ஷாலு நம்ம சபைக்காரி இல்லை, சபைக்காரியே இல்லை, நம்ம கோவிலில் அவளுக்கு மைக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். சட்டம் பேசினேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

“அது எனக்கறியும். அதுகொண்டுதான் உன்கிட்ட சொல்லுகேன். அது எழுதட்டு, நீ வாசி.”

ஒரு கோமாளி எழுதியதை நான் வாசிக்க வேண்டுமாம். ஜெயதாஸ் முன்னால். என்னைவிட இரண்டு வருடம் இளையவன், நான் இருக்கத் தலைமையாசிரியர் ஆனவன், இப்போது சபைச் செயலாளரும் அவன்தான். முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பான். அவன் முன்னால் நான் நின்று, மஞ்சள் மூஞ்சி போட்டு எழுதுகிறவளின் தமிழை, என் அக்காவின் பெட்டி பக்கத்தில்!

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மெய்ப்பை எடுத்து உட்கார்ந்தேன். தொண்ணூற்று நாலாவது பதிவைக் குறுக்காக அடித்தேன். ஓரத்தில் ‘தரமில்லை. நீக்குக’ என்று எழுதினேன், பக்கத்தைப் படமெடுத்து எபினுக்கு அனுப்பினேன். எழுதியபோது நன்றாக இருந்தது. அரை மணி நேரம்.

ஜூலை 11, வெள்ளி

எபின் போன். “சார், தொண்ணூத்தி நாலு நல்லா போன பதிவு. எதுக்கு வெட்டினீங்க?”

தனிநபர் அவமதிப்பு என்றேன்.

“ஷாலுகிட்ட கேட்டுட்டேன். சார் வெட்டினா வெட்டினதுதான்னு சொல்லிட்டா.”

சண்டை போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். விட்டுக்கொடுக்கிறாளாம். எனக்கு.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா இன்று மஞ்சளாக இருந்தாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். குரல் மட்டும் அதே குரல்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவர். போட்டோஸ்டாட் கடையின் பெயர் அச்சடித்தது. “இருக்கு. வீட்டுல போய் வாசி. இப்ப சொல்லு. வாசிப்பியா?”

“செரி.”

“செரின்னா?”

“வாசிப்பேன்.”

என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் பிடித்தது. அதன் பிறகு இதுதான். கை சுட்டது.

*

வீட்டில் வாசித்தேன். இரண்டு பக்கம். அச்சுப்பிழை ஒன்றுமில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

“சுகிர்தபாய் சிஸ்டர் ஜெபவீராங்கனை அல்ல. ஜெபத்தில் தூங்குகிறவர். ‘ஆமென்’ சத்தம் கேட்டதும் எல்லாரையும்விட உரக்க ‘ஆமென்’ சொல்லுவார் என்பதால் நாற்பது வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை” என்று தொடங்குகிறது. “சவுதியில் இருபத்தொரு வருடம் ஊசியால் குத்தினார். ஊருக்கு வந்தபின் ஊசி இல்லாமலே குத்தினார்.” ஒரு ஷேக்கின் தாயாருக்கு இவள் வத்தக்குழம்பு வைத்துக் கொடுத்த கதை. எனக்கே தெரியாத கதை.

இரண்டாம் பக்கம் நடுவில்:

“சிஸ்டர் கல்யாணம் செய்யாதது குடும்பத்துக்காக அல்ல. பாறசாலை பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த சோமன் என்பவர் சிஸ்டர் லீவில் வந்த மூன்று தடவையும் வந்து கேட்டார். மூன்றாவது தடவை சிஸ்டரின் தம்பி ஞானசிகாமணி நாலு பக்கத்தில் பதில் எழுதினார். அவ்வளவு நல்ல தமிழில் இந்த ஊரில் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் சோமன் படித்தது மலையாளம். தமிழ் கேட்டால் புரியும், பேசுவார், வாசிக்கத் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடமே வந்தார். டெப்போவுக்குப் பின்னால், பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து, சிஸ்டர்தான் நாலு பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினார்.”

தெரியாது. எனக்கு இது தெரியாது.

அந்த ஆள் மலையாளப் பஸ் போர்டை மட்டும் பார்த்துப் படிப்பதை நான் பார்த்ததே இல்லையா? எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பேசுவது ஒன்று, படிப்பது ஒன்று. இது எனக்குத் தெரியாத விஷயமா? தோன்றவே இல்லை. எழுதும்போது சோமன் என் கண் முன்னால் இல்லை. என் தமிழ்தான் இருந்தது.

நாலு பக்கம். அவள் குரலில்.

ஜூலை 21, திங்கள்

வகுப்பில் கடிதம் எழுதுதல் பாடம். ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்துவிட்டேன். பிறகு பேனா கொடுத்தேன். சீ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்கா பேசவில்லை. கண் திறந்தாள், மூடினாள். ஷாலு பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், ஏழாம் வகுப்பில் நின்ற மாதிரி. அக்காவின் உதடு ஒரு பக்கமாகப் போனது. சிரிப்பா, வலியா? ஓமனக்குட்டி சிரிப்பு என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை ஆறே முக்காலுக்கு அக்கா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

அடக்கம் முடிந்தது.

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

நேற்று காலை நான் ஒரு பக்கம் அடித்தேன். எதற்கென்று கேட்டால்— சும்மா, கையில் இருக்கட்டும் என்று. சட்டையின் இடது பையில் ஷாலுவின் இரண்டு பக்கம். வலது பையில் என்னுடைய ஒரு பக்கம். அக்கா வீட்டிலிருந்து கோவில் வரை வந்தபோது இரண்டும் இருந்தன. போதகர் “மூணு நிமிஷம் போரும் சார்” என்றார். மைக் முன்னால் நின்றேன். ஜெயதாஸ் முன் வரிசையில் கைகட்டி இருந்தான். வெளியே மழை, ஒலிபெருக்கி முற்றம் வரை கேட்கிறது. ‘ஜெபத்தில் தூங்குகிறவர்’ என்று என் வாயால் சொல்வதை நினைத்தேன். ‘சிஸ்டரின் தம்பி ஞானசிகாமணி’ என்று சொல்வதை நினைத்தேன்.

வலது கை வலது பைக்குள் போனது. அவ்வளவுதான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

“குடும்பத்துக்காகத் தன்னையே அர்ப்பணித்த அருமைச் சகோதரி” என்று வாசித்தேன். குரல் உடைந்தது. சரியான இடத்தில் உடைந்தது. இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

முடிந்ததும் ஜெயதாஸ் வந்து தோளைத் தொட்டான். “ஞானசிகாமணி, கொள்ளாம். அந்த ‘அர்ப்பணித்த’ வந்தப்ப எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.” தலைமையாசிரியர் ஆன பதினாலு வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதி வைக்கிறேன்: என் அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஜெயதாஸ் பாராட்டியதும், எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது.

என்ன மனுசன்லே நீ.

அதோடு முடியவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் தேயிலை குடிக்கப் போனபிறகு, வாசல் பக்கம் குடை பிடித்து ஒரு வயதானவர் நின்றார். கோவிலுக்குள் வரவில்லை போல. வேட்டி பூராவும் நனைந்திருந்தது. அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார், சோமன் என்று.

“சாரே, எனிக்கு தமிழ் வாசிக்கான் அறிஞ்சூடா. கேட்டா மனசிலாவும்.” குடையை மறு கைக்கு மாற்றினார். “அண்ணு அவள் வாசிச்சு. இண்ணு சார் வாசிச்சு. ரெண்டும் நல்லவண்ணம் மனசிலாயி.”

கோபம் இல்லை. கிண்டல் இல்லை. பஸ் வரும் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு விஷயத்தை இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

அந்தக் கடிதத்தில் நான் எழுதிய காரணங்கள்: மதம் வேறு, சபை ஒத்துக்கொள்ளாது, அப்பா இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அம்மாவின் உடல்நிலை. நாலு பக்கம் நிறைய உயர்ந்த காரணங்கள். உண்மையான காரணம் நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். மாதாமாதம் சவுதியிலிருந்து அக்கா அனுப்புவதில்தான் படித்தேன். அவளுக்கென்று ஒரு குடும்பம் வந்தால் எனக்கென்று வருவது நிற்கும். பயந்தேன். பயத்தை நல்ல தமிழில் எழுதினேன்.

அவள் அதன் பிறகும் அனுப்பினாள். கடிதத்தை அவனுக்கு வாசித்துவிட்டுத் திரும்பிப் போய், அனுப்பினாள்.

இதைத்தான் நான் அர்ப்பணிப்பு என்று வாசித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷாலு இன்னும் ஒன்றும் போடவில்லை. நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன். ஒன்றரை லட்சம் பேர். ‘மரிப்பு சார் மறுபடியும்’ என்று ஒரு வரி போட்டால் போதும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

போடவில்லை.

பின்சி கேட்டாள், “நீங்க எதுக்கு அவளெத் தேடுறீங்க?” அக்கா ஷாலுவிடம் எழுதச் சொன்னது பின்சிக்குத் தெரியும். நான் எதை வாசித்தேன் என்பதும் தெரியும், சபையில்தானே இருந்தாள். எட்டு நாளாக அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு போடுகிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போடவில்லை. திட்டாமல் இருப்பதிலும் ஒரு கொடுமை உண்டு.

ஆகஸ்ட் 23, சனி

நெய்யாற்றின்கரை. தாலுகா ஆபீசில் அக்காவின் இறப்புச் சான்று சம்பந்தமாக வேலை இருந்தது. இருந்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். நகல் எடுக்க வேண்டும், கோர்ட்டுக்கு எதிரே போட்டோஸ்டாட் கடை.

வக்கீல் குமஸ்தாக்கள் வரிசை. ஷாலு இயந்திரத்தை மூடித் திறந்துகொண்டு, மலையாளத்தில் ஒருவனையும் தமிழில் ஒருவனையும் ஒரே நேரத்தில் விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரல் மாறியது. “சார், உள்ள வாங்க. இரிங்க.”

நின்றேன். “நீ ஏன் ஒண்ணும் எழுதல?”

“எதெப் பத்தி சார்?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

அவள் ஒரு கட்டுத் தாளை எடுத்துத் தட்டி ஒழுங்கு செய்தாள். “சிஸ்டர் மின்னயே சொல்லீட்டுண்டு சார். ‘அவன் வாசிக்க மாட்டான் மக்கா’ன்னு.”

“என்ன?”

“‘செரின்னு சொல்லுவான். வாசிக்க மாட்டான். மொகத்தெப் பாத்தாலே அறியலாம். ஆனாலும் கேட்டு வைக்கணும்’ன்னு சொன்னா. ‘வாசிக்கல்லன்னு அவனெ போஸ்டு போட்டு நாறடிக்காத. அவனுக்கு அது தாங்காது’ன்னும் சொன்னா. நான் சத்தியம் செஞ்சேன். அதுகொண்டாக்கும்.”

வரிசையில் நின்ற ஒருவன் “சேச்சி, எனக்க வக்காலத்து” என்றான். “உனக்க வக்காலத்து இப்ப கோர்ட்டுக்கு ஓடிப் போவாது, அடங்கி நில்லு” என்றாள் திரும்பாமலே.

பிறகு பைய: “எபின் கேட்டாரு, சிஸ்டருக்கு எழுதினதெ புஸ்தகத்துல கடைசியில போடட்டான்னு. வீட்டுக்காரங்க சம்மதிக்காத போட மாட்டேன்னு சொல்லீட்டேன். சிஸ்டருக்கு வீட்டுக்காரங்கன்னா நீங்கதான். நீங்க வேண்டாம்னு சொன்னா விட்டுரலாம். இல்லேன்னா உங்க பேரெ எடுத்துட்டு, ‘வீட்டுல ஒருத்தர்’ன்னு போடலாம். அது போருமா?”

நகலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

‘அவனுக்கு அது தாங்காது.’ சாகும்போதும் எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரக்கப்படுகிறவர்களை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஓண விடுமுறை. மெய்ப்பு முழுவதையும் முடித்தேன். நூற்றெண்பத்தாறு பதிவுகளில் பாதி குப்பைதான். இதில் என் கருத்து மாறவில்லை. பேதி, குறட்டை, மாமியார், பேதி. மஞ்சள் மூஞ்சிகளை எண்ணினேன்: முந்நூற்று நாற்பது.

தொண்ணூற்று நாலில் போட்ட கோட்டை அழித்தேன். ஒரு காற்புள்ளி சேர்த்தேன். அங்கே வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எபினுக்கு எழுதினேன்: “சுகிர்தபாய் பற்றிய பதிவைச் சேர்க்கச் சம்மதம். 187 என்று எண் கொடுக்கவும். ஞானசிகாமணி என்ற பெயர் அப்படியே இருக்க வேண்டும். ‘வீட்டில் ஒருத்தர்’ வேண்டாம்.”

ஐந்து நிமிடத்தில் பதில். ஒரே ஒரு மஞ்சள் மூஞ்சி, கண்ணில் தண்ணீருடன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத அந்த ஒன்று. என்ன ஜென்மம் இவனும்.

நவம்பர் 1, சனி

புத்தகம் வந்தது. இரண்டு பிரதி. அட்டையில் ஒரு கக்கூஸ் கதவு. எதிர்பார்த்ததுதான்.

பின்சி வாங்கி நேரே கடைசிப் பதிவைப் பார்த்தாள். நின்றுகொண்டே வாசித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கவனிக்கவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்தாள். “உங்க பேரு இருக்கே” என்றாள். “இருக்கு” என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஜெயதாஸ் தனியாகக் கூப்பிட்டான். புத்தகம் அவன் கைக்கும் போயிருக்கிறது. “என்ன ஓய் இது? சபைக்கு நாணக்கேடு. பப்ளிஷர் மேல கேஸ் கொடுக்கலாம். எனக்கு ஆள் உண்டு.” நான்தான் சம்மதித்தேன், மெய்ப்பும் நான்தான் பார்த்தேன் என்றேன். அவன் முகம் போன போக்கு! இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

இனி வாழ்க்கைக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

நவம்பர் 8, சனி

நெய்யாற்றின்கரையில் ஆற்றுப் பக்கம் சோமன் மகள் சினியின் வீடு. ஓமனக்குட்டிதான் வழி சொன்னாள். மூன்று மணிக்குப் போனேன். திரும்பிவிடலாம் என்று கேட் வரை போய் இரண்டு தடவை நினைத்தேன்.

சினி கட்டன் தேயிலை கொடுத்தாள். யார், என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பழைய சிநேகிதர் என்று நினைத்திருப்பாள். சோமன் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். புத்தகத்தைக் கொடுத்தேன். புரட்டினார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும், அப்படியில்லை, நேராகத்தான் பிடித்திருந்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“சார் வாசிக்கு” என்றார்.

மைக் இல்லை. சபை இல்லை. ஆற்றில் மணல் ஏற்றுகிறவர்கள் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வரியிலேயே என் குரல் சரியில்லை. ஷாலுவின் தமிழ் என் வாய்க்குப் பழக்கமில்லை. ‘ஆமென்’ வந்த இடத்தில் சோமன் சிரித்தார். மேல் வரிசையில் பல் இல்லை. ஷேக்கின் தாயாரும் வத்தக்குழம்பும் வந்தபோது “அது எனிக்கு அறியும், அவள் என்னோடு பறஞ்ஞிட்டுண்டு” என்றார்.

இரண்டாம் பக்கம். சோமன் என்று வாசித்தேன். சிஸ்டரின் தம்பி ஞானசிகாமணி என்று வாசித்தேன். நாலு பக்கம், நல்ல தமிழ், டெப்போ, டயர்கள். எங்கும் நிறுத்தவில்லை. குரலும் உடையவில்லை, உடைய விடவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன், அவர் கையை அசைத்தார், வேண்டாம் என்று. தேயிலையைக் குடித்து முடித்தார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சாரே, அந்த ஆமென் வருந்ந எடம். அது இனியும் ஒரு தடவ வாசிக்கணும்.”

வாசித்தேன்.